பெற்ற பிள்ளைக்குக் கை முத்தி

17

புருஷன் பேரை வாயால் சொல்லுகிற வழக்கம் செங்கம்மாவின் ஊரில் கிடையாது. தலைச்சன் பிள்ளை பிறந்த அன்றைக்கே அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். அப்பாவை அங்கே நைனா என்பார்கள்; பிள்ளை பேரோடு அதைச் சேர்த்துக் கூப்பிட்டால் போதும். அப்படித்தான் அவளும் தன் புருஷன், புராட்டஸ்டண்டு மிஷன் உபதேசியார் ஏழுமலையை "சம்பத்து நைனா, சம்பத்து நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், போர்டிங்கில் படிக்கப் போன சம்பத்து அங்கேயே கத்தோலிக்கு வேதத்தில் சேர்ந்து, சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்கும் போய்விட்டான் என்று சேதி வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஏழுமலை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே அந்தப் பேர வெச்சு என்னக் கூப்பிடாத."

மறுநாளிலிருந்து அவர் "மல்லிகா நைனா" ஆகிவிட்டார். மல்லிகாவுக்கு அப்போது ஏழு வயது. தன் பேருக்குத் திடீரென்று வந்த மவுசு எதனால் என்று அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை.

அந்தச் சம்பத்து நேற்று சாயங்கால பஸ்ஸில் வெள்ளை அங்கியோடு வடமாலபேட்டையில் வந்து இறங்கினான். கத்தோலிக்கர் மேளம் கொட்டி அழைத்துப் போனதையும், செங்கம்மா மிஷன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்ததையும் போன வாரமே சொல்லியாயிற்று. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சொந்த ஊரில் அவனுக்கு முதல் பூசை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூசைக் கோவில். இந்தப் பக்கம் மிஷன் கோவிலும், மிஷன் கொடுத்த இரண்டு அறை ஓட்டு வீடும். நடுவில் திருப்பதிக்கும் மெட்ராஸுக்கும் போகிற ரோடு. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் கூப்பிடக் கூடாது.

ஏழுமலை கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஆராதனைக்குக் கிளம்புகிற நேரம். பொத்தான் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டது.

"ரோட்டுக்கு அந்தாண்ட போவணும்னு யாருக்காச்சும் நெனப்பு கீதா?" என்றார், கண்ணாடியைப் பார்த்தே.

செங்கம்மா அடுப்பை ஊதினாள். மல்லிகாதான் வாயைத் திறந்தாள். மிஷன் ஸ்கூலில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். எல்லைப் பிரிப்பில் திருத்தணி மெட்ராஸோடு போகிறது, நம் ஊர் ஆந்திராவிலேயே நிற்கிறது, இனி தமிழ் வகுப்பு இருக்குமா இருக்காதா என்று அவளுக்கு ஒரு கவலை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அது வேறு அவள் பேச்சில் காரத்தை ஏற்றியிருந்தது.

"போனாத்தான் இன்னா நைனா? அண்ணனைப் பாக்கறது பாவமா?"

"பாக்கறது பாவமில்ல. அங்க போனா மண்டி போடணும். ஃபாதர்னு கூப்பிடணும். பூமியில எவனையும் பிதான்னு சொல்லாதீங்கன்னு கர்த்தர் தம் வாயாலயே சொல்லிட்டுப் போயிட்டாரு. அத்த மீற நான் யாரு?"

"அப்ப நான் ஒங்கள நைனான்னு கூப்பிடறது?"

"ஒன்ன நான் பெத்தேன், கூப்பிடற. அது ரத்த ஒறவு. ஆத்துமாவுக்குத் தகப்பன் ஒருத்தருதான். அவரு மேல கீறாரு." ஏழுமலை திரும்பினார். கோட்டு கோணலாக ஏறியிருந்தது. "அதையும் உட்டுத் தள்ளு. அவன் என் புள்ள. இடுப்புல தூக்கி மூக்கு சிந்தி உட்டவன் நான். அவன் எதிர்ல மண்டி போட்டு, அப்பா, எனக்கு ஆசீர்வாதம் குடுன்னு நான் கேக்கணுமா? கேட்டா ஊரு சிரிக்காதா?"

செங்கம்மா எழுந்து போய், அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அவர் சொன்னதில் தப்பு எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பாவி மனசு விடியற்காலையிலிருந்தே ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அரிசி மில் சிட்டிபாபு. சபைக்கு மூப்பர். புத்தூரிலிருக்கும் மிஷன் தலைமைப் பாதிரியாருக்கு, பெரிய ஐயருக்கு, வலது கை. பாதி தெலுங்கு, பாதி தமிழ் என்று பேசுவார். கெட்ட சேதியாக இருந்தால் தெலுங்கு கொஞ்சம் கூடும்.

"உபதேசிகாரு, நா மாட்ட காது இது, என் பேச்சு இல்ல. பெத்த ஐயர்காரு செப்பினாரு, நான் சொல்றேன், அந்தே, அவ்ளோதான்." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "உபதேசி வீட்டுப் பொம்பள ரோமாபுரிக்காரங்க கோவில்ல மண்டி போட்டா, சபை ஜனம் ஏமி அனுகுண்டாரு, என்ன நெனப்பாங்க? அப்பறம் இந்த வீடு, இந்த வேல… அவரு சொன்னத நான் வாயால சொல்ல மாட்டேன்."

சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏழுமலைக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அவருடைய அப்பா அடுத்தவன் கொல்லையில் ஏர் ஓட்டியே செத்தவர். இந்த ஓட்டு வீட்டை விட்டால் மல்லிகாவை வைத்துக்கொண்டு எந்த மரத்தடிக்குப் போவது?

"என் வீட்டுல எவளும் மண்டி போட மாட்டா. பெரிய ஐயருகிட்ட சொல்லிடுங்க," என்றார் ஏழுமலை.

செங்கம்மாவை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிட்டிபாபுவும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் மண்டியைப் பற்றி இரண்டு ஆண்பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்கள்.

அவர்கள் இருவரும் கோவிலுக்கு நடந்த பிறகு, அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மிஷன் வாசல் கேட்டுப் பக்கம் போனாள். தண்ணீருக்கு என்று மல்லிகாவிடம் சொன்னாள். கிணறு கேட்டுப் பக்கம் இல்லை என்று மல்லிகாவுக்குத் தெரியாதா என்ன?

கேட்டுக்கு வெளியே சம்பத்து நின்றுகொண்டிருந்தான்.

முன்பெல்லாம் இந்தக் கேட்டில் ஏறி ஊஞ்சலாடி அடி வாங்கியவன், இன்று அதைத் தொடாமல் ஒரு முழம் தள்ளி நின்றான். வெள்ளை அங்கி கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்தது. தாடை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. குருமடத்துச் சாப்பாட்டின் மேல் செங்கம்மாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"அம்மா, வரியா?"

"மொதல்ல எப்பிடி கீறன்னு கேளுடா."

"எப்பிடி கீற?"

"பாத்துக்கோ."

அவன் சிரித்தான். சிரிப்பு மட்டும் மாறவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "குருப்பட்டம் குடுக்கசொல்ல உள்ளங்கைல எண்ணெய் பூசுவாங்கமா. புதுசா குருவானவன் கைய அல்லாரும் முத்தம் குடுப்பாங்க. கை முத்தின்னு பேரு. பெத்தவங்கதான் மொதல்ல. அவங்களுக்குத்தான் மொத ஆசீர்வாதம். ரெண்டு நாற்காலி முன்னால போட்டு வெச்சிகிறாங்க. நீ வராம நான் யாருக்கும் கைய நீட்ட மாட்டேன்."

"இது இன்னாடா பிடிவாதம்?"

"நாளைக்கு ரயிலு ஏறிடுவேன். மேற்றிராணியாரு, அதான் எங்க பிஷப்பு, என்ன குண்டூருக்கு அப்பால போட்டுட்டாரு. திரும்ப எப்ப உடுவாங்கன்னு தெரியாது." குரல் கொஞ்சம் இறங்கிற்று. "நைனா…?"

"அத்த கேக்காத."

செங்கம்மா குடத்தை இடுப்பு மாற்றினாள்.

"வந்தா ஒன்ன நான் இன்னான்னு கூப்பிடணும்?"

அவன் அங்கிப் பொத்தானைத் திருகினான். "அல்லாரும் ஃபாதர்னு கூப்பிடறாங்க."

"நான் பெத்தவடா."

"அது எனக்குக் குடுக்கற மரியாத இல்லமா. நான் செய்யற வேலைக்கு. அப்போஸ்தலரே சபையப் பாத்து, நான்தான் ஒங்களுக்குத் தகப்பன்னு சொல்லிகிறாரு. நைனா அந்த எடத்தப் படிக்காம கீறாரா?"

"வேதத்த ஒங்க நைனாகிட்ட பேசு. எங்கிட்ட பேசு நீ."

சம்பத்து நிமிர்ந்தான். இப்போது அவன் முகத்தில் குருவானவரைக் காணோம். மாட்டிக்கொண்ட பிள்ளைதான் இருந்தது. "நீ கூப்பிடலன்னா, பெத்தவளே இவன ஒத்துக்கலன்னு அங்க பேசுவாங்கமா. உபதேசி மவன்னு ஏற்கெனவே ஒரு மாதிரிதான் பாக்கறாங்க. இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம நிக்கறேன்."

'நான் வந்தா வீடு போவும்டா' என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். அதைச் சொன்னால் வராதே என்று சொல்லிவிடுவான். வராதே என்று அவன் வாயால் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"போடா. பூசைக்கு நேரமாவுது," என்றாள்.

ஆராதனை தொடங்கியபோது செங்கம்மா வழக்கமான இடத்தில், பெண்கள் பக்கம், முதல் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மல்லிகா. எதிர்ப் பக்கம் சிட்டிபாபு கையைக் கட்டிக்கொண்டு, பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் அவள் மேல் வைத்திருந்தார்.

ஏழுமலை அன்றைக்கு அந்த வசனத்தையே பிரசங்கத்துக்கு எடுத்தார். எடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். பூமியில் யாரையும் ஞானத் தகப்பன் என்று அழைக்கலாகாது, மனிதனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுப்பது தேவனிடமிருந்து திருடுவது என்று கணீரென்று பேசினார். ஜன்னல் வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு கேட்டது. அவர் குரலை உயர்த்தினார். பாட்டும் உயர்ந்தது. செங்கம்மாவுக்கு இரண்டு காதும் இரண்டு பக்கம் இழுத்தது.

பிறகு அங்கே பாட்டு நின்றது. மணி அடித்தது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

கையை நீட்டாமல் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாற்காலியும் காலியாகக் கிடக்க, ஜனமெல்லாம் அவன் முகத்தைப் பார்க்க, அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இங்கே பிரசங்கம் முடிந்தது. கங்கையா எழுந்தார். ஏழுமலையைவிடப் பத்து வயது மூத்தவர். கூலி வேலை செய்து முதுகு வளைந்துபோனவர். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லா ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருவர் வருவதுபோல முன்னால் வந்தார்.

"நைனா, கொழந்தைக்கு ஜொரம் உட மாட்டேங்குது. தலைல கைய வெச்சு ஜெபம் பண்ணுங்க நைனா."

"கொண்டா," என்று ஏழுமலை குழந்தையின் தலையில் கை வைத்தார். கண்ணை மூடினார்.

செங்கம்மா இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். கண்ணால் பார்த்திருக்கிறாளே தவிர, காதால் கேட்டதில்லை போலிருக்கிறது. இன்றைக்குக் கேட்டது. எப்படி எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எழுந்து நின்றுவிட்டாள்.

"மல்லிகா நைனா, ஒரு வார்த்த."

மல்லிகா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கோவிலில் பெண்பிள்ளை குரல் பாட்டில் தவிரக் கேட்டதே இல்லை. ஏழுமலை கண்ணைத் திறந்தார்.

"கங்கையா ஒங்களுக்கு மூத்தவரு. ஒங்கள நைனான்னு கூப்பிடறாரு. இந்தச் சபையே கூப்பிடுது. ஒரு நாளும் நீங்க வேணான்னு சொன்னதில்ல." மல்லிகாவின் பிடியிலிருந்து புடவையை உருவிக்கொண்டாள். "நீங்க அவரப் பெத்தீங்களா?"

"கூச்சோம்மா, கூச்சோ!" சிட்டிபாபு பாதி எழுந்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள்.

ஏழுமலையின் கை இன்னும் குழந்தையின் தலையில் இருந்தது. அதை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றார். வறட்டு நியாயக்காரர். தனக்கு ஒன்று, பிறத்தியாருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளத் தெரியாது. கடைசியில் கையை எடுத்தார்.

"கங்கையா, இன்னிலேர்ந்து என்ன அப்பிடிக் கூப்பிடாத."

"நான் இன்னா தப்பு பண்ணேன் நைனா?"

"பாத்தியா, திரும்பவும்…"

"எங்கப்பன் செத்தப்ப பொணத்தத் தூக்க ஆளில்ல. நீங்க வந்து தோள் குடுத்தீங்க. கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்தீங்க." கிழவர் குழந்தையை இறுக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "வேற இன்னான்னு கூப்பிடறது? எனக்கு வேற வார்த்த தெரியலியே."

ஏழுமலை திறந்திருந்த வேதப் புத்தகத்தை மூடி வைத்தார்.

ஐயோ, இதற்காகவா எழுந்தேன் என்றிருந்தது செங்கம்மாவுக்கு. அவரை ஜெயிக்கவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. இனி உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். ரோட்டைக் கடந்தாள்.

பூசைக் கோவில் வாசலில் ஜனம் விலகி வழிவிட்டது. அவள் நினைத்தபடியேதான். பீடத்துக்கு முன்னால் பூசை உடுப்போடு சம்பத்து, கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் கைகளைப் பிரித்தான்.

செங்கம்மா மண்டி போட்டாள். வீடு போகிற மண்டி என்று தெரிந்தே போட்டாள்.

அவன் நீட்டிய உள்ளங்கையில் ஏதோ வாசனைத் தைலம் மணந்தது. இடது கையில் கட்டை விரலுக்குக் கீழே, சின்ன வயசில் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட வடு அப்படியே இருந்தது. வலது கையில் ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த வடுவில் ஒன்று. அவன் அவள் தலைமேல் கை வைத்துப் புரியாத பாஷையில் ஏதோ சொன்னான். புரியாவிட்டால் என்ன, குரல் அவன் குரல்தானே.

"ஃபாதர்னு சொல்லும்மா. தோத்திரம் ஃபாதர்னு சொல்லு," என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள்.

செங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஜனம் பூராவும் காது கொடுத்துக் காத்திருந்தது. சம்பத்தும் காத்திருந்தான். அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். சத்தியமாகச் சொல்லத்தான் எடுத்தாள். துருத்திக்கொண்டிருந்த அந்தத் தாடை எலும்பு கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"சம்பத்து, ஏதாச்சும் துன்னியாடா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். சம்பத்துக்கு உதடு கோணிற்று. அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"இல்லமா. பூசை முடியற வரைக்கும் ஒண்ணியும் துன்னக்கூடாது."

"பொழுது உச்சிக்கு வந்துடுச்சேடா! வா, வீட்டுக்கு வா. சோறு போடறேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், எந்த வீட்டுக்கு என்று உறைத்தது.

அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தத் தாயால் முடியும்? பன்னிரண்டு வருஷமாக அவன் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். ஃபாதர் என்ற வார்த்தையை அவன் மறந்தே போய்விட்டான். "வரேன்மா. ஜனத்துக்குக் கை முத்தி முடிச்சுட்டு, இதோ வந்துட்டேன்," என்றான்.

கை முத்திக்கு முண்டியடித்த ஜனத்தை விலக்கிக்கொண்டு செங்கம்மா வெளியே வர நேரமாகிவிட்டது. படியிலேயே நின்றுவிட்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மிஷன் கேட்டுக்கு வெளியே ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். காலடியில் அவர்களுடைய தகரப் பெட்டி. பக்கத்தில் மல்லிகா, பாத்திர மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு உள்ளே சிட்டிபாபு, கையில் வீட்டுச் சாவியோடு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டு வாங்கிய சாவி அல்ல அது. கேட்கிற வரைக்கும் ஏழுமலை காத்திருக்கவில்லை.

செங்கம்மா ரோட்டில் இறங்கி ஓடினாள். பாதி ரோட்டுக்கு வந்தபோது ஏழுமலை பெட்டியைத் தலையில் ஏற்றித் திரும்பிவிட்டார். திருப்பதிப் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

"சம்பத்து நைனா!"

பன்னிரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்தது. அதுவாக வெளியே வந்து விழுந்தது.

ஏழுமலை நின்றார். மெல்லத் திரும்பினார். அவர் கண் செங்கம்மாவைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அங்கே பூசைக் கோவில் படியில் சம்பத்து, கை முத்தியைப் பாதியில் விட்டு, உடுப்பைக்கூடக் கழற்றாமல், இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"செங்கம்மா, அவன அங்கயே நிக்கச் சொல்லு!" ஏழுமலை தலைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். "கிட்ட வந்தா நைனான்னு கூப்பிட்டுடுவான். கூப்பிட்டுட்டான்னா நான் இன்னாடான்னு கேட்டுடுவேன். வரவேணாம்னு சொல்லு!"

"அம்மா," பின்னாலிருந்து சம்பத்து கத்தினான், "நைனாவ போவவேணாம்னு சொல்லு!"

மெட்ராஸ் பஸ் வந்து அவளுக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு கத்தினான்.

"இட்டு கானீ அட்டு கானீ ஜருகம்மா!"

இந்தப் பக்கமாவது, அந்தப் பக்கமாவது நகரு என்கிறான். நியாயம்தான். வண்டி போக வேண்டாமா? செங்கம்மா இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைக்க அவளுக்குக் கால் வரவில்லை.